786ஆம் அறை

காற்று விழுந்த நாட்களில்தான் என் மகளின் வேலையிடத்தில் அந்த விளையாட்டு நடக்கும். அவள் கற்பிட்டிப் பக்கம் ஆலங்குடாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருந்தாள். சண்டை முடிந்த பிறகு எங்கள் கடற்கரையில் முளைத்த ஹோட்டல்களில் அதுவும் ஒன்று. அங்கு வருகிற வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் சறுக்குகிறவர்கள். காற்று இருந்தால் சாப்பாட்டுக்குக்கூடக் கரைக்கு வரமாட்டார்கள். காற்று விழுந்துவிட்டால் அவர்களைப் போலப் பாவப்பட்ட சனம் உலகத்தில் இல்லை. கடலைப் பார்த்துக் கதிரையில் குந்திக்கொண்டு நகம் கடிப்பார்களாம்.

அப்படி நகம் கடித்த ஒரு வெள்ளைக்காரிதான் மகளுக்கு அந்த விளையாட்டைக் காட்டிக் கொடுத்தவள். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருத்தர் கதையை நடத்துவார். "இடிந்த கோட்டை வாசலில் நிற்கிறீர்கள், கதவு பூட்டியிருக்கிறது, என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, நான் இதைச் செய்கிறேன், நான் அதைச் செய்கிறேன் என்பார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இவ்வளவுதான். வெல்வதும் இல்லை, தோற்பதும் இல்லை. இதற்கு ஒரு பகல் முழுக்கப் போகும்.

நான் முதன்முதலாக அதைக் கேட்டது எங்கள் வீட்டில், திரைக்குப் பின்னால் நின்று. மகள் லீவு நாளில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் இரண்டு பெண்பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தாள். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் நான் தேத்தண்ணியை மகளிடம் நீட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். முகம் பார்த்துப் பேச எனக்கு வராது.

"காவல்காரன என்ன செய்யிற? வெட்டுவமா?"

"வெட்டினாச் சத்தம் கேக்கும். கட்டிப் போடு."

"எதால கட்டுற? உண்ட முந்தானையாலயா?"

நான் பீங்கான் தட்டத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரையோடு காதை வைத்தேன். அவர்கள் போன பிறகு மகளைப் பிடித்தேன்.

"என்னடி கதை இது? யார வெட்டப் போறீங்க?"

"உம்மா, அது ஆளில்ல. சும்மா கதை."

"கதையெண்டா ஒராள்தானே சொல்ற? மூண்டு பேரும் கத்திக் கத்தியா சொல்லுவாங்க?"

"அதுதான் உம்மா விளையாட்டே."

கதை என்றால் போகட்டும் என்று விட்டேன். பகடையை விடவில்லை. பகடை உருளுகிற வீட்டில் அல்லாஹ்வின் ரஹ்மத்து இறங்காது என்று சொல்லிவிட்டேன். மகள் வாதாடவில்லை. ஒரு பழைய பால்மா டின்னுக்குள் இலக்கம் எழுதிய துண்டுகளைப் போட்டுக் குலுக்கினாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் பலிப்பதும் பலிக்காததும் அந்த டின்னின் கையில்.

வெள்ளைக்காரி அதைக் கேட்டுத் துள்ளிக் குதித்தாளாம். இதை எழுதி அச்சில் போட வேண்டும் என்றாளாம். அப்படித்தான் ஒரு சிறு புத்தகம் போடுகிற எண்ணம் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

அவளிடம் ஒரு பை இருந்தது. ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து அதைப் பாயில் கொட்டினாள். எல்லாம் பழைய கடதாசிக் கட்டுகள். அவள் தன் பாஷையில் சொல்ல மகள் எனக்குச் சொன்னாள். இந்த விளையாட்டு அவர்கள் ஊரில் பிறந்த காலத்திலேயே, விளையாடியவர்களுக்குக் கையும் வாயும் சும்மா இருக்கவில்லையாம். இந்த விதி பிழை, அந்த விதி சரி என்று சண்டை. சண்டையைப் போட அவர்களுக்குப் பத்திரிகை இல்லை. அதனால் தாங்களே செய்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் பக்கங்களை அடித்து ஒருவருக்கு அனுப்புவார்கள். அவர் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி எல்லோருக்கும் திருப்பி அனுப்புவார். அடுத்த முறை, நீ போன தரம் எழுதியது முட்டாள்தனம் என்று ஒருவர் எழுதுவார். அதற்கு அடுத்த முறை மன்னிப்பு வரும், அல்லது இன்னும் பெரிய வசை வரும். யாரும் கூலிக்கு எழுதவில்லை. கோட்டைப் படங்கள், பூதங்கள், சொந்தமாகக் கண்டுபிடித்த விதிகள் எல்லாம் இப்படித்தான் வீட்டுக்கு வீடு போயிருக்கின்றன. முதலில் மை தடவிய ரோணியோ மெஷினில் உருட்டினார்கள், பிறகு போட்டோக்கொப்பி. கம்ப்யூட்டர் வந்த பிறகு பெரும்பாலும் நின்று போய், இப்போது கொஞ்சப் பேர் வேண்டுமென்றே மறுபடி கையால் மடித்துத் தைக்கிறார்களாம்.

அதில் ஒரு கட்டை எடுத்து நான் மோந்து பார்த்தேன். ரோணியோ மை எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து எங்களை எழுப்பிவிட, நாங்கள் இங்கு வந்து முகாமில் கிடந்தபோது, நிவாரணத் துண்டெல்லாம் அந்த மையில்தான் வரும். விரலில் ஒட்டினால் லேசில் போகாது. நான் பசிக்குப் பார்த்திருந்த மையை இந்தச் சனம் பூதத்துக்குச் செலவழித்திருக்கிறதே என்று நினைத்தேன். சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

மகள் எங்கள் புத்தகத்துக்காகத் தொலைபேசியில் தமிழில் அடித்ததைக் கற்பிட்டிக் கடையில் கொடுத்தால் அவர்களுடைய கம்ப்யூட்டரில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. இரண்டு தரம் அலைந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உம்மா, உங்கட கையெழுத்து நல்ல வட்டம்தானே."

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. எழுதுகிற பழக்கம் மட்டும் விடவில்லை. முகாமில் கடிதம் எழுதத் தெரியாதவர்கள் தென்னோலைக் கிடுகுத் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து சொல்ல, நான் இந்தப் பக்கம் இருந்து எழுதிக் கொடுப்பேன். முகம் பார்க்கத் தேவையில்லை அல்லவா. என் பெயர் எங்கும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் பேனையை எடுத்தேன். ஜின் என்ற சொல்லை எழுதமாட்டேன் என்றும் சொன்னேன். பூதம் என்று வைத்துக்கொண்டார்கள்.

மகள் எங்கள் பக்கத்துக் கோட்டையை மனதில் வைத்துக் கட்டம் போட்ட தாளில் ஒரு படம் வரைந்திருந்தாள். சதுரத்துக்குள் சதுரமாக அறைகள். ஒவ்வொரு அறைக்கும் ஓர் இலக்கம். எந்த அறையில் என்ன இருக்கிறது என்பது மறுபக்கத்தில் இல்லை, வேறு தாளில். பன்னிரண்டாம் அறையில் வௌவால், பதினைந்தில் உப்பு மூட்டை, அதற்குள் ஒளிந்திருக்கும் கள்ளன், இப்படி. இலக்கங்களை நான்தான் எழுதினேன். எழுத உட்கார்ந்தால் தாளின் தலையில் முதலில் 786 போடுவது என் கையின் பழக்கம். பிஸ்மில்லாஹ்வுக்குப் பதிலாக எங்கள் ஆட்கள் போடுகிற எண் அது. கடிதம் என்றாலும் கடைச் சிட்டை என்றாலும் போடுவேன். படத்திலும் போட்டிருக்கிறேன். எனக்கே தெரியாது.

கொப்பி எடுத்து, மடித்து, நடுவில் தங்கூசி நூலால் தைத்தோம். மீன்பிடி நூல், ஒருநாளும் அறாது. மகளுக்குத் தொலைபேசியில் பழக்கமானவர்கள் அங்கங்கே இருந்தார்கள். அவர்களுக்குத் தபாலில் போனது. வெள்ளைக்காரியும் ஒரு கட்டுக் கொண்டுபோய்த் தன் ஆட்களுக்குக் கொடுத்தாள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் வைத்துத் தடவிப் பார்த்தார்களாம்.

ஒரு மாதம் கழிந்து மலைநாட்டுப் பக்கமிருந்து ஒரு பையன் எழுதியிருந்தான். "கோட்டை நன்றாக இருக்கிறது. இரண்டு கேள்வி. பதினாலாம் அறை இரண்டு இடத்தில் இருக்கிறது, எது சரி? மேலே போட்டிருக்கும் 786ஆம் அறைக்கு வழி எது? நாங்கள் மூன்று வாரமாகத் தேடுகிறோம்."

மகள் பாயில் விழுந்து சிரித்தாள். "உம்மா! இல்லாத அறைய மூண்டு கிழமையாத் தேடுறாங்க!"

எனக்குக் காது சுட்டது. சிரிப்புக்குரிய எண்ணா அது? பூதத்துக்கு மேல் கொண்டுபோய் வைத்துவிட்டேனே என்று அன்றைக்குத் தொழுகையில் மனம் நிற்கவில்லை. அதற்குள் இன்னொருத்தர் 786ஆம் அறைக்குள் என்ன இருக்கிறது என்று தானே கற்பனை செய்து இரண்டு பக்கம் எழுதி அனுப்பிவிட்டார். நல்ல வேளை, அதில் வெறும் வெளிச்சம்தான் இருந்தது. அடுத்த இதழில் பிழை திருத்தம் போட வேண்டும் என்று மகள் சொன்னாள். இப்படியான புத்தகங்களில் அது வழக்கமாம். முந்திய இதழின் பிழைகளைச் சொல்லாத இதழே கிடையாதாம்.

அந்தத் திருத்தம் எழுதுமுன்பே காற்று எழும்பிவிட்டது.

எங்கள் பக்கத்துக் காற்றைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். எழும்பினால் மாதக்கணக்கில் படுக்காது. வெங்காயத் தோட்டத்து மண்ணைத் தூக்கிக்கொண்டு வரும். சோற்றில் மண், பாயில் மண், பல்லில் மண். தகரம் இரவு பகலாக அடிக்கும். நான் புதிதாக எடுத்த கொப்பிகளை முற்றத்து வாசலில் கல் வைத்து அடுக்கியிருந்தேன். எந்தக் கல் நழுவியதோ, கோட்டைப் படம் இருந்த ஒரு தாள் வேலிக்கு மேலால் போய்விட்டது. போனது போகட்டும் என்று இருந்தேன்.

அடுத்த வீட்டு வளவில் ஓர் இளம் பிள்ளை இருந்தாள். புருஷன் படகில் போகிறவன். அவளுக்கு ஒரு பெண்குழந்தை, பேசத் தொடங்கி அதிக காலமில்லை. அந்தக் குழந்தைக்கு முட்டு. காற்றும் தூசும் வந்தால் நெஞ்சு இழுக்கும். ஆஸ்பத்திரியில் வாயில் வைத்து அடிக்கிற பம்பு கொடுத்திருந்தார்கள், காலையும் பின்னேரமும். அவர்கள் இந்த மண்ணுக்கே உரிய ஆட்கள், நாங்கள் வந்தேறிகள். அவளுடைய மாமி, புருஷனின் உம்மா, முன்பு எங்களை அகதிச் சனம் என்றுதான் சொல்வாள். ஒரு முருங்கைக்காய்கூட வேலியைத் தாண்டியதில்லை.

அந்தப் பிள்ளை ஒருநாள் ஒரு தட்டில் தேங்காய்ப்பாலில் அவித்த வட்டிலப்பத்தோடு எங்கள் வாசலில் நின்றாள். மகள் வேலைக்குப் போயிருந்தாள். ஒளிய இடமில்லை.

"சாச்சி, இத எழுதின ஆள் நீங்கதானே?"

குழந்தையின் கழுத்தில் கறுப்புத் துணியில் தைத்து ஒரு சின்னப் பொட்டலம் தொங்கியது.

"எத மகள்?"

"காத்து கொண்டு வந்து என்ட முத்தத்தில போட்டிச்சு. 786 இருந்திச்சு, மிதிக்கக் கூடாதெண்டு எடுத்துக் கண்ணில ஒத்தினன். பாத்தாக் கட்டம் கட்டமா இஸ்ம். அண்டைக்கு இவள் இழுப்பில்லாமப் படுத்தாள் சாச்சி! அப்பவே தைச்சுக் கட்டிட்டன். உங்கட வாசல்லயும் அதே எழுத்துக் கடதாசி கிடந்திச்சு, அதான் வந்தன்."

இஸ்ம் என்றால் கட்டத்துக்குள் எண் எழுதி நோய்க்குக் கட்டுகிற தாயத்து. "அது... விளையாட்டுக் கடதாசி மகள்."

"விளையாட்டா? 786 போட்டு ஆராவது விளையாடுவாங்களா?"

நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன்.

"மார்க்கப் பேணுதலான ஆக்கள் இப்பிடித்தான்," என்று அவள் தட்டை என் கையில் திணித்தாள். "எழுதியும் போட்டு இல்லையெண்டு சொல்லுவாங்க." போகும்போது திரும்பிச் சொன்னாள்: "பம்ப நிப்பாட்டிட்டன் சாச்சி. பழகிட்டா உடாதெண்டு மாமியும் சொல்றா. இனி என்னத்துக்கு?"

வட்டிலப்பம் கையில் இருந்தது. அதை இறக்கி வைக்காமல் வாசலிலேயே நின்றேன். முதல் இரவு இழுக்காதது ஏதோ ஈரக்காற்றுக்கோ என்னவோ. இன்றைக்கு மண் பறக்கிறது. குழந்தையின் நெஞ்சில் இருப்பது வௌவால் அறையும் உப்பு மூட்டை அறையும்.

மகள் வந்ததும் சொன்னேன். அவள் உடுப்புக்கூட மாற்றாமல் போனாள். கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து திரும்பி வந்தாள்.

"எல்லாம் விளங்கப்படுத்தினன் உம்மா. கோட்டை, அறை, வௌவால், எல்லாம். அவ என்ட கையப் பிடிச்சுக்கொண்டு சொல்றா, 'உங்கட உம்மாட மதிப்பு உங்களுக்குத் தெரியா' எண்டு."

"மாமி?"

"எனக்குத்தான் ஏதோ பிடிச்சிருக்காம், ஓதிப் பாக்கணுமெண்டு மாமி சொல்றா."

மறுநாள் வேலியால் ஒரு பை முருங்கைக்காய் வந்தது. மாமி நீட்டினாள். வாங்கும்போது ஒரு நொடி எனக்கு நன்றாகத்தான் இருந்தது. இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு ஒரு முருங்கைக்காய். அந்த நொடிக்கு நான் இப்போதும் கூசுகிறேன். இரண்டு தரம் அவர்களுடைய வேலிப் படலை வரை போனேன். ஒரு தரம் மாமியின் குரல் கேட்டது, திரும்பினேன். ஒரு தரம் யாரும் இல்லை, அப்போதும் திரும்பினேன். என்ன சொல்வது? இல்லை என்றால் பேணுதல் என்பார்கள். சத்தியம் செய்தால், சத்தியம் செய்யும் அளவுக்கு மறைக்கிறாள் என்பார்கள். வீட்டுக்குள் வந்தால் மனம் வேலி ஓரம் நிற்கச் சொல்லும், வேலி ஓரம் நின்றால் வீட்டுக்குள் போகச் சொல்லும். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

பின்னேரத்து அசர் பாங்கு சொல்லி முடிந்த நேரம். காற்றின் இரைச்சலுக்குள் வேறொரு சத்தம் கேட்டது. கொதிக்கிற கேத்தல் போல ஒரு விசில். கேத்தல் இல்லை, அந்தக் குழந்தை.

நான் செருப்பு இல்லாமல் போனேன். குழந்தை தாயின் மடியில் முன்னால் குனிந்து இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்கு இடையில் தோல் உள்ளே போனது. தாய் அந்தப் பொட்டலத்தைக் குழந்தையின் நெஞ்சோடு அழுத்திப் பிடித்து ஓதிக்கொண்டிருந்தாள். மாமி விசிறிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் இருவரின் முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அதைப் போல எனக்கு வேறொன்றும் பயம் தரவில்லை.

"சாச்சி, நீங்களே ஊதி உடுங்க!"

"மகள்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் ஒரு தரம், "மகள், அத அவுத்துத் தா. அதுல பிழை இருக்கு."

அவள் கை தணலில் பட்டதுபோல் எடுபட்டது. "பிழையா?"

"ஓம். இலக்கத்தில பிழை. ஒரே எண் ரெண்டு இடத்தில விழுந்திட்டு. பிழையான கடதாசியக் கட்டக் கூடா."

அது பொய்யில்லை. பதினாலு இரண்டு இடத்தில் இருந்தது. முகம் தெரியாத அந்த மலைநாட்டுப் பையன் எழுதியிருந்தான். வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியாது, ஆனால் வந்தது. மாமி கத்தரிக்கோலுக்கு ஓடினாள். கயிறு அறுந்து பொட்டலம் என் கைக்கு வந்தது.

"யா அல்லாஹ், இப்ப என்ன சாச்சி செய்யிற?"

"பம்பு எங்க?"

"அலுமாரிக்கு மேல."

"எடு. திருத்துற வரைக்கும் அதுதான்."

அவள் குழந்தையை நிமிர்த்திப் பிடித்தாள். குழந்தையின் வாயில் குழாயை வைத்துப் பிடித்தது நான். இரண்டு தரம் அடித்தோம், பொறுத்து மறுபடி அடித்தோம். மாமி சந்தியில் ஓட்டோவைப் பிடித்து வந்தாள். கற்பிட்டி ஆஸ்பத்திரியில் மூக்குக்கு மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். அந்த விசில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நான் அங்கே வாங்குப் பலகையின் நுனியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தேன். பொட்டலம் என் கைக்குள் நனைந்து போயிருந்தது.

அடுத்த இதழில் மகள் சொல்ல நான் எழுதினேன்: கோட்டைப் படத்தில் பதினாலாம் அறை இரண்டு முறை வந்துவிட்டது, இரண்டாவதைப் பதினாலரை என்று வாசகர்கள் எடுத்துக்கொள்ளவும், 786 என்பது அறை அல்ல, தேட வேண்டாம். அந்த வரிக்கு மட்டும் என் வட்டக் கையெழுத்து கோணலாகப் போயிருக்கிறது. வெள்ளைக்காரி காற்று முடிந்து போனாள், மறு வருஷம் வேறு கடலுக்குப் போனாளாம். மகளும் மற்றப் பிள்ளைகளும் இன்னும் கொஞ்ச இதழ் போட்டார்கள். எழுதுமுன், தலையில் 786 போடுவதா விடுவதா என்று தாளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கையைக் கட்டி வைக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. மகள் பகிடி பண்ணுவாள், "உம்மா, தாள் உங்களப் பாத்துப் பயப்படுது."

ஆனால் அடுத்த வளவுப் பிள்ளை விடவில்லை. படலையடியில், கிணற்றடியில், கண்டால் போதும்.

"சாச்சி, திருத்தியாச்சா?"

"இன்னும் இல்ல மகள்."

"அவ்வளவு பெரிய பிழையா?"

"ஓம். பெருசுதான்."

"அவசரமில்ல சாச்சி. நீங்க நல்லாப் பாத்துச் செய்யுங்க."

"பம்பு?"

"காலையும் பின்னேரமும் குடுக்கிறன். நீங்க சொன்ன மாதிரி."

நான் சொன்ன மாதிரி இல்லை, டாக்குத்தர் சொன்ன மாதிரி. அதையும் வாய் திறந்து சொல்ல எனக்கு வரவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று படுப்பேன். சொன்னால் பம்பையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுவாளோ என்று எழும்புவேன். மாமி போனவர் வந்தவருக்கெல்லாம் என்னைப் பற்றி என்ன சொல்கிறாளோ தெரியாது, இஸ்ம் கேட்டு இரண்டு பெண்கள் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார்கள். நான் கதவைத் திறக்கவில்லை.

பின்னேரத்தில் வேலி ஓரம் போய் நிற்பேன். அந்தக் குழந்தை தகப்பனோடு மீன் பொரியலுக்குச் சண்டை பிடித்துக் கத்துகிற சத்தம் கேட்கும். மூச்சு விடாமல், நீட்டி, ஊரே கேட்கக் கத்தும். அது கேட்டால்தான் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.